எபனேசரின் கரகரப்பு

உங்களுக்கு எந்தக் காது, அண்ணாச்சி? இடதா? அப்படியானால் நான் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். சத்தமாகப் பேச முடியாது, அதற்காகத்தான். எனக்குத் தொண்டை. பேசவே கூடாது என்று சொல்லித்தான் என் மனைவி இங்கே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். டாக்டர் வர நேரமாகும் என்று நர்ஸ் சொன்னதும் எதிர்த்தாற்போல் இருக்கிற பழக்கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் இருந்தால் வரிக்கு வரி திருத்தம் சொல்வாள்.

என்னைப் பார்த்த ஞாபகம் இல்லையா? பரவாயில்லை. மேடை விளக்கு இல்லாமல் என்னை யாருக்கும் தெரியாது. நீங்கள் பாளையங்கோட்டைதானே? அப்படியென்றால் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். சாரல் இன்னிசைக் குழு. எந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றாலும் எங்கள் கச்சேரி இல்லாமல் இருக்காது. அதில் ஜூனியர் என்று ஒருத்தர் பாடுவாரே, நான்தான்.

சிரிக்காதீர்கள். தலை நரைத்தவன் எப்படி ஜூனியர் என்றுதானே? எங்கள் தொழிலில் அப்படித்தான். சினிமாவில் பாடுகிற பெரிய பாடகர் ஒருத்தர். பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியில் வைத்து எதற்கு? அவர் குரல் எனக்கு. அப்படியே. என் சொந்தப் பெயர் திரவியம். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடுவது என் மனைவியின் அண்ணனும் ரேஷன் கடைக்காரரும்தான்.

இந்தக் குரல் சும்மா வரவில்லை, அண்ணாச்சி. ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படி வர வேண்டும். அவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கேதான் நானும் வாங்குவேன். எங்கே சிரிக்கிறாரோ அங்கே அதே சிரிப்பு. ஒரு பாட்டு இருக்கிறது, அதைப் பதிவு செய்த அன்றைக்கு அவருக்கு லேசாக ஜலதோஷம். காதுள்ளவனுக்குத் தெரியும். மன்னிக்கவும், உங்களைச் சொல்லவில்லை. அந்தப் பாட்டை மட்டும் நான் ஜலதோஷத்தோடுதான் பாடுவேன். ஜனங்கள் விசில் அடிப்பார்கள். எதற்கு அடிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

எனக்குள் நான் பேசிக்கொள்வதுகூட அவர் குரலில்தான் கேட்கிறது. அவ்வளவு பயிற்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எபனேசர் என்று ஒருத்தன் பாடுகிறானே, கேட்டிருக்கிறீர்களா? பார்த்தீர்களா, முகம் மலர்கிறது! ஒரு காது கேட்காத நிலையிலும் அவனைத் தெரிந்திருக்கிறது உங்களுக்கு. என்னைத் தெரியவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

அவன் எங்கள் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவன். பேஸ் கிதார் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நின்றுபோனால்தான் அது இருந்ததே தெரியும், அப்படி ஒரு வாத்தியம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். வேனில் எனக்குப் பக்கத்து இருக்கை அவனுக்கு. எத்தனை வருஷம்! கன்னியாகுமரியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் எந்த ஊர் டீக்கடையில் வடை நன்றாக இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அதிகம் பேச மாட்டான். நான்தான் பேசுவேன். அவரைப் பற்றித்தான், அந்தப் பெரிய பாடகரைப் பற்றி. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்று. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவான்.

கோரஸுக்கு ஆள் வேண்டுமென்றால் அவன் முன்னாலும் ஒரு மைக் வைப்போம். ஆனால் அவன் குரல் இருக்கிறதே, கருப்பட்டிக் காப்பியில் மணல் விழுந்த மாதிரி. எவ்வளவு வடிகட்டினாலும் பல்லில் கடிபடும். அவன் மைக்கைக் குறைக்கச் சொல்வது நான்தான். கச்சேரி நன்றாக இருக்க வேண்டாமா? அவனும் ஒன்றும் சொன்னதில்லை. குறைத்த மைக்கிலும் ஒழுங்காகப் பாடுவான்.

ஒருநாள் சங்கரன்கோவில் பக்கம் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். நல்ல வெயில். வேனில் எல்லோரும் இருக்கிறார்கள். இவன் திடீரென்று சொல்கிறான், "அண்ணே, இந்தக் கொடையோட நான் நின்னுக்கிடுதேன். சொந்தமா பாட்டெழுதிப் பாடலாம்னு இருக்கேன்."

நான் கேட்டேன், "எந்தக் குரல்லடே பாடப் போற?"

நியாயமான கேள்விதானே? எங்கள் தொழிலில் முதலில் கேட்பதே அதுதான். புதிதாக ஒருத்தன் குழுவில் சேர வந்தால், "உனக்கு எந்தக் குரல்?" என்றுதான் கேட்போம். அவன் இன்னார் குரல் என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன சொன்னான் தெரியுமா?

"எங்கிட்ட இருக்கதுலதாண்ணே."

வேனே சிரித்தது. ஸ்டெல்லா, எங்கள் பாடகி, அவளுக்குப் புரையேறிவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த இசக்கிகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "வே எபனேசரு, அது குரலாவே? கியர் மாத்துத சத்தம்லா!" என்றான். எபனேசரும் சேர்ந்து சிரித்தான். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. ஒருத்தனைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது அவன் கொஞ்சமாவது முகம் சுருங்க வேண்டாமா?

போய்விட்டான். வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரு கிதாரை வைத்துக்கொண்டு, தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, போனில் பிடித்து வெளியே விட்டான். பின்னால் தபேலா கிடையாது, வயலின் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெறும் கிதாரும் மணலும். நான் செண்பகத்திடம் சொன்னேன். செண்பகம் என் மனைவி. "தீபாவளிக்குள்ள திரும்பி வந்துருவான் பாரு" என்றேன். தீபாவளிக்குள் அவனைச் சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் பாட்டு ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடைக்குப் போகிற ஊர்களில் எங்களைப் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைப்பார்கள். ஸ்டெல்லா ஏதாவது ஒரு வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றுவாள். அதை வைத்து எழுதியிருக்கிறான்.

அஞ்சாம் வகுப்பு அறையிலே சேலை மாத்துறா,
கரும்பலகைக் கணக்கு பாதியில நிக்குது.

அந்தப் பாட்டுத்தான். அதற்கு எல்லோரும் அழுகிறார்கள். ஸ்டெல்லாவே அழுதாள். "ஏட்டி, நீ எதுக்கு அழுத?" என்று கேட்டேன். "நான் மாத்துன சேலைய ஊரே பாத்துச்சு, மாத்துனவள இவருதானே அண்ணே பாத்திருக்காரு" என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

டிரைவர் இசக்கிக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. எல்லாரையும் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவனுடைய வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்று. ஜெனரேட்டர்காரருக்கு ஒரு பாட்டு. பந்தல் கம்பத்தடியில் தூங்குகிற நாய்க்குக்கூட ஒரு பாட்டு, அண்ணாச்சி. நாய்க்கு!

நான் எல்லாப் பாட்டையும் கேட்டேன். ஒன்று விடாமல், வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். எதற்கு? என்னிடம் கேட்ட கதைகளை இவன் எடுத்துப் போட்டிருப்பான், பிடித்துவிடலாம் என்றுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து "ம்" கொட்டினானே, அதெல்லாம் எங்கே போகும்? ஆனால் ஒரு பாட்டிலும் நான் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். ஸ்டெல்லா பாட்டில் மூன்றாவது சரணத்தில் ஒரு வரி வரும், கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்கிறான் என்று. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். செண்பகத்தைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "இது நான்தானே?" என்றேன்.

"யாரோன்னுதானே இருக்கு" என்றாள்.

யாரோ! அத்தனை வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் யாரோ. நாய்க்குப் பாட்டு, எனக்கு யாரோ.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். செண்பகமும் அதைத்தான் கேட்டாள். நானும் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பொறாமை என்றால், அவனிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்று இருக்க வேண்டும். அவனிடம் என்ன இருக்கிறது? அந்தக் குரல் எனக்கு வேண்டுமா? தெருவில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன். அப்படியானால் இது பொறாமை இல்லை. வேறு என்ன? அதற்குப் பெயர் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அது வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது.

வீட்டுக்குள்ளேயே நடந்ததைக் கேளுங்கள். ஒரு நாள் கடைக்குப் போனவன் சீக்கிரம் திரும்பிவிட்டேன். சமையலறையில் செண்பகம் போனில் அவன் பாட்டைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள். நான் உள்ளே வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள். புருஷன் வந்தால் எதற்கு நிறுத்த வேண்டும்? அது என்ன, பாட்டா, வேறு ஏதாவதா?

"ஏன் நிறுத்துன? பாடட்டும்" என்றேன்.

"உங்களுக்குப் பிடிக்காதுல்லா" என்றாள்.

"என் பாட்டை இப்படிப் போட்டுக் கேட்டிருக்கியா நீ?"

வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள், "உங்க பாட்டுன்னு எதைப் போட? ரேடியோவ வச்சா அவரே பாடுதாரு."

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் அவளிடம் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னது என்னைப் பாராட்டித்தான். அசலுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? ஆனால் சொன்ன விதம் அப்படி இல்லை.

போன வாரம் எபனேசர் வீட்டுக்கு வந்தான். முன்னால் போன்கூடச் செய்யவில்லை. பழைய மாதிரியே காலரில் கைக்குட்டை வைத்துக்கொண்டு, கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு. "மைனி, ஒரு காப்பி" என்று நேராகச் சமையலறை வாசலுக்கே போய்விட்டான். செண்பகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது என்று அப்போதுதான் தோன்றியது.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே பாளையங்கோட்டையில் அவன் கச்சேரி. சொந்த ஊரில் முதல் கச்சேரி. போஸ்டர் பார்த்திருப்பீர்கள். அதில் நானும் ஒரு பாட்டுப் பாட வேண்டுமாம்.

"உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேண்ணே. எழுத ரொம்ப நாளாச்சு. மத்தவங்க பாட்டெல்லாம் வந்துட்டு. உங்களுது மட்டும் வரவே மாட்டேன்னுட்டு" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துக்கொண்டேன். "பாடு, பாப்போம்" என்றேன். பாடினான்.

ஊரு உறங்கப் போயிடுச்சு, மேடை மேல யாருமில்ல,
உள்ள ஒருத்தன் இருக்கானே, அவன் பாடி நான் கேக்கல.

இதுதான் பல்லவி. செண்பகம் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் முழுப் பாட்டையும் கேட்டேன். இதில் நான் எங்கே இருக்கிறேன்? முதலில் யாரோ. இப்போது உள்ளே எவனோ ஒருத்தன். சுற்றிச் சுற்றி என்னை மட்டும் விட்டுவிட்டு எழுத இவனால் எப்படித்தான் முடிகிறதோ!

ஆனாலும் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று கேளுங்கள். என் ஊர், என் ஜனம், நிறைந்த அரங்கம், அதில் அவன் மட்டும் நிற்க, நான் கீழே பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்திருக்க முடியுமா? "எந்தச் சுருதி? ரெக்கார்டுல எப்படி வருது?" என்று கேட்டேன்.

"ரெக்கார்டு இல்லண்ணே. இது இன்னும் யாரும் கேக்கல. உங்களுக்கு எப்படி வருதோ அப்படிப் பாடுங்க."

"அப்படின்னா எப்படிடே?"

அவன் கிதாரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான், "கச்சேரி முடிஞ்சதும் வேன்ல ஏறி மைனிக்குப் போன் போடுவீங்கல்லா? 'செண்பகம், சாப்ட்டியா, கதவைப் பூட்டிட்டியா'ன்னு கேப்பீங்க. அந்தக் குரல்ல பாடுங்கண்ணே. அது போதும்."

கேட்டீர்களா, அண்ணாச்சி? கதவைப் பூட்டிவிட்டாயா என்று கேட்கிற குரலில் பாட வேண்டுமாம்! ஆயிரம் பேர் முன்னால்! அவன் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. இது எனக்கு வைத்த பொறி. ஜூனியர் ஜூனியர் என்கிறீர்களே, இதோ பாருங்கள், அந்தக் குரலைக் கழற்றிவிட்டால் இவ்வளவுதான் என்று சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் காட்டப் போகிறான். மைக்கைக் குறைத்ததற்கெல்லாம் சேர்த்து. செண்பகம் அப்படி இல்லை என்கிறாள். அவளுக்கு ஒரு காப்பிக்கு நன்றி சொன்னால் போதும், நல்லவன் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள்.

எப்படிப் பாடினால் அவனை மடக்கலாம் என்று யோசித்தேன். மெட்டு மறந்துவிடக் கூடாது என்று அவன் பாடினதை என் போனில் பிடித்து வைத்திருந்தேன். ரெக்கார்டு இல்லை என்றானே, இதோ ரெக்கார்டு! போட்டுக் கேட்டேன். அவன் எங்கே மூச்சு வாங்குகிறான், எங்கே வார்த்தையை இழுத்து விடுகிறான், 'உள்ள' என்கிற இடத்தில் எப்படித் தொண்டை லேசாகக் கிழிகிறது, எல்லாம் பிடித்துவிட்டேன். இரண்டே நாள். என் அனுபவம் அப்படி. ஒன்று மட்டும் வரவில்லை. அந்தக் கரகரப்பு. என் தொண்டை தேன் தொண்டை, மணலுக்கு எங்கே போகும்?

சும்மா விடுவேனா? ஐஸ் தண்ணீர் குடித்தேன். தாமிரபரணிக் கரைக்குப் போய் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் கத்தினேன். துணி துவைக்க வந்தவர்கள் பயந்துபோய்விட்டார்கள். மிளகாய்ப் பொடியைத் தண்ணீரில் கலக்கி... சரி, அதை விடுங்கள், செண்பகத்துக்கே தெரியாது. நாலு நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. செண்பகம் அழுகிறாள்.

"ஏங்க, இது அவரு குரலுல்லா. உங்களுக்கு எதுக்கு இது? உங்க குரல்ல பாடச் சொல்லித்தானே அவரு கேட்டாரு?"

"என் குரலுன்னா எதுடி? நீ சொல்லு பாப்போம்" என்றேன்.

உடனே பதில் வந்தது. "என்னைய ஏசும்போது வருமே, அது."

சிரித்துவிட்டேன். என்ன செய்வது? இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெளையாட்டுக்குச் சொல்லலங்க" என்றாள். கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்துவிட்டாள். நாளை மறுநாள் ஞாயிறு. ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரியாக்கிவிடலாம் என்று நினைக்கிறாள்.

ஆனால் இன்று காலையிலிருந்து ஒரு விஷயம் கவனிக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நல்ல காதை இப்படித் திருப்புங்கள். மெதுவாகத்தான் பாடுவேன்.

உள்ள ஒருத்தன் இருக்கானே...

எப்படி? சொல்லுங்கள், எப்படி?

எபனேசரேதானா! அவரேதான் என்று நீங்களே சொல்கிறீர்கள்! எனக்கு ஒரு நிமிஷம் இருங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். ஜுரம். அதனால் நீர் கட்டுகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரு மைக்கில், நான் ஒரு மைக்கில். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவனுக்கு இரண்டு பேரில் யார் பாடுகிறார்கள் என்று தெரியக் கூடாது. எங்கிட்ட இருக்கதுலதாண்ணே என்றானே, அது என்னிடமும் இருக்கிறது என்று அப்போது தெரியட்டும். அவன் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இதை டாக்டரிடம் காட்டினால் என்ன செய்வார்? சரியாக்கிவிடுவார்.

டாக்டர் வந்துவிட்டார் போலிருக்கிறது. யாரைக் கூப்பிடுகிறார்கள்? திரவியமா? நான்தானம்மா. இல்லை, எனக்கு இப்போது தேவலை. இவரை உள்ளே விடுங்கள், பாவம், எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், திங்கட்கிழமை வருகிறேன்.

போங்கள், அண்ணாச்சி, போங்கள். நான் புறப்படுகிறேன். அதோ, செண்பகம் படியேறி வருகிறாள், பையில் ஆரஞ்சு. நாம் எழுந்து இப்படித் தூண் மறைவில் நிற்பதால் அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிடுகிறேன், பாருங்கள்.

செண்பகம்!

பார்த்தீர்களா? திரும்பிவிட்டாள். நான் இல்லை, வேறு யாரோ கூப்பிட்டதாக நினைத்து அந்தப் பக்கம் பார்க்கிறாள். கட்டின மனைவிக்கே தெரியவில்லை, அண்ணாச்சி! இன்னொரு தரம் கூப்பிடுகிறேன், இருங்கள்.

செண்பகம்!

இன்னும் தேடுகிறாள்.